கொச்சித் தீவுகளில் இளைப்பாறுதல்

கடற்கரையூர் ஒன்றிற்குச் சென்று சில நாட்கள் தங்கி, உடலும் உள்ளமும் தேறித் திரும்புதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கம் என்று பலர் எண்ணுவர். அவ்வாறு எண்ணுதற்கு ஓரளவு காரணமும் உண்டு. 1750-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர் கடல்நீரின் மருத்துவப் பயனைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னர் பிரைட்டன் முதலிய கடற்கரையூர்களுக்குச் செல்வர்கள் நாடிச் சென்றனர். அடுத்த நூற்றாண்டில் இருப்புப்பாதை அமைந்தபின் தொழிலாளர்களும் தம் குடும்பத்தோடு அவ்வூர்களுக்குச் செல்லலாயினர். பின்னர் அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது.

ஆயினும், கடற்கரையில் இளைப்பாறுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் இந்திர விழாவின் முடிவில் கடலாடச் சென்றதைச் சிலப்பதிகாரம் விரிவாகக் கூறுகின்றது. கோவலனும் மாதவியும் யாழ் மீட்டிப் பாடியதும், அப்பாட்டாலேயே மனம் வேறுபட்டுப் பிரிந்ததும் அக்கடற்கரைச் சோலையில்தான். மாசி மகத்தன்று கடலாடும் வழக்கம் இன்றும் நம்மிடையே வழங்குகின்றது. நெய்தல் நிலத்தைப் பாடிய நம் முன்னோர் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தனர். மகளிர் வண்டல் இழைத்து விளையாடிய அதே மணலில்தான் பரதவர் வலை உணக்கினர். மீனைக் காய வைத்தனர். அதன் அருகிலேயே உமணர் உப்பு ஏற்றிச் சென்றனர். ஒருவர் ஓய்ந்திருக்கும் கரை மற்றொருவர் உழைக்கும் களமாகவும் இருந்தது.

இவ்வுண்மையை வரலாற்றில் படிப்படியாகக் கண்டு தெளிவதற்கு ஏற்ற இடம் கொச்சி. அலுவலின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் பலர், விடுப்புப் பயணச் சலுகை கிடைக்கும் ஆண்டில் கொச்சிக்குச் சென்று வருவதைக் காண்கின்றோம். மட்டாஞ்சேரியில் அரண்மனையைக் கண்டு, படகேறிக் காயலைச் சுற்றி, வைப்பின் தீவிலுள்ள செராய்க் கடற்கரையில் இரண்டு நாள் தங்கி மீள்வது அவர்தம் வழக்கம். தென்னை நிழலும், ஒருபுறம் கடலும் மறுபுறம் காயலும், ஆழமற்ற அமைதியான நீரும் எவர் களைப்பையும் ஆற்றவல்லன. அத்தீவுகள் எவ்வாறு தோன்றின, அங்கே இளைப்பாறும் உரிமை யார் யாருக்கு எப்போது கிடைத்தது என்பதை அறிந்து செல்வோமாயின் நம் பயணம் இன்னும் பொருளுடையதாகும்.

வைப்பின் தீவு வெள்ளம் தந்த நிலம் என்பது அந்நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. 1341-ஆம் ஆண்டில் பெரியாறு பெருக்கெடுத்துக் கரைபுரண்டது. அது கொணர்ந்த மணலும் வண்டலும் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துவிட்டன. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதாக அகநானூறு போற்றும் முசிறி அப்பகுதியிலேயே இருந்ததென்பர் அறிஞர். அப்பழந்துறை சிறுமையுறத் தெற்கே கொச்சியில் கடலின் வாய் அகன்றது; புதியதொரு துறைமுகம் பிறந்தது. இரண்டிற்கும் இடையே மணல் படிந்து, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய தீவாக வைப்பின் உருவாயிற்று. அவ்வாண்டு முதலாகக் கணக்கிடும் ஓர் ஆண்டு முறையும் அங்கு வழங்கியது. அதற்குப் ‘புதுவைப்பு’ என்று பெயர். மொழிபெயர்ப்பின் உதவியின்றியே தமிழர்க்கு விளங்கும் சொல் அது. ஆறு புதிதாகக் கொணர்ந்து வைத்த வைப்பே புதுவைப்பு. ஓர் ஊரின் அழிவும் மற்றோர் ஊரின் பிறப்பும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன.

புதிய துறையை நாடிப் பல நாட்டு வணிகரும் வந்தனர். 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனக் கடற்படையோடு வந்த மா ஹுவான் கொச்சியைப் பற்றி எழுதிவைத்துள்ளார். கொச்சிக் கரையில் இன்றும் காணப்படும் சீன வலைகள் அக்காலத் தொடர்பின் சின்னம் என்பது ஒரு சாரார் கருத்து. போர்ச்சுகீசியர் மக்காவிலிருந்து கொணர்ந்தவை என்பது மற்றொரு சாரார் கருத்து. எவ்வாறாயினும் அவ்வலையின் அமைப்பு வியக்கத்தக்கது. நீண்ட மரக்கழிகள் நான்கின் நுனியில் வலை கட்டப்பட்டிருக்கும். கரைப்பக்கத்தில் கயிறுகளிலே பெருங்கற்கள் தொங்கும். வலையின் எடையைக் கற்களின் எடை ஈடுசெய்வதால், நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்தால் அப்பெருவலை நீரிலிருந்து எழும்; விட்டால் தாழும். மாலை வெயிலில் இவ்வலைகளைக் கண்டு மகிழாத பயணி இல்லை. அவர்க்கு அது காட்சி; கயிற்றைப் பற்றி நிற்போர்க்கோ அன்றைய உணவு.

1500-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தனர். 1503-இல் கோட்டை கட்டினர். மட்டாஞ்சேரியில் 1555-ஆம் ஆண்டளவில் ஓர் அரண்மனை எழுப்பிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரை வென்று, அவ்வரண்மனையைப் புதுப்பித்தனர். அதனால் போர்ச்சுகீசியர் கட்டிய மாளிகை ‘டச்சு அரண்மனை’ எனப் பெயர் பெற்றது. அதன் சுவர்களில் தீட்டப்பட்டுள்ள இராமாயண ஓவியங்களைக் காண்பதற்கு இன்றும் மக்கள் திரள்கின்றனர். அரண்மனைக்கு அருகிலேயே 1568-இல் யூதர்கள் தம் தொழுகைக் கோயிலைக் கட்டிக்கொண்டனர். கோவாப் பகுதியிலிருந்து வந்த கொங்கணியரும், குஜராத்தி வணிகரும், கட்சி மேமன்களும் மட்டாஞ்சேரித் தெருக்களில் குடியேறினர். தமிழ் அந்தணரும் அங்கே வந்து தங்கினர். பல மொழியாளர் அடுத்தடுத்து வாழ்ந்து, அவரவர் தெய்வத்தை அவரவர் முறையில் வணங்கி, ஒரே கடைத்தெருவில் பொருள் கொண்டு கொடுத்தனர். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மட்டாஞ்சேரி ஒருவகையில் உறவான ஊர் எனலாம்.

அவ்வாறு குடியேறிய தமிழருள் இங்குச் சிறப்பாக நினைக்கத்தக்கவர் வண்ணார். டச்சுக்காரர் தம் படையினருடையவும் அதிகாரிகளுடையவும் ஆடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை வரவழைத்துக் கோட்டைப் பகுதியில் குடியமர்த்தினர் என்பது அம்மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. 1744-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் காயலின் நடுவே போல்காட்டித் தீவில் மரஞ்செடிகள் சூழ்ந்த மாளிகை ஒன்றைக் கட்டினர். காற்று வாங்கும் தாழ்வாரமும் நீர் சூழ்ந்த தோட்டமும் உடைய அம்மாளிகையில் துரைமக்கள் தங்கினர். துரைமக்கள் உடுத்திய வெள்ளாடை எவ்வாறு வெண்மையாக இருந்தது என்று வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. கோட்டைப் பகுதியின் குளக்கரைகளில் தமிழர் கல்லில் அடித்துத் துவைத்ததனால் அது வெண்மை பெற்றது. தீவில் துரைகள் பெற்ற ஓய்விற்குக் கரையில் நின்றோர் செலுத்திய விலை அது.

1795-இல் கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. போல்காட்டி மாளிகை பின்னர் ஆங்கில ரெசிடெண்டின் உறைவிடமாயிற்று. இங்கே தமிழ் நேயர்கள் மறந்துபோன செய்தி ஒன்றுண்டு. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியிலிருக்க, அதனை ஒட்டியுள்ள கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்து, சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமையும் வரையில் கோட்டைக் கொச்சி சென்னையோடு சேர்ந்தே இருந்தது. சில தெருக்களைக் கடந்தால் ஓர் அரசிலிருந்து மற்றோர் அரசிற்குச் சென்றுவிடலாம் என்னும் அளவில் அவ்விரண்டும் நெருங்கியிருந்தன. 1967-இல் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒன்றாகிக் கொச்சி மாநகராட்சி உருவாயிற்று.

தெருக்களுக்கு எல்லை இருந்ததுபோல் மக்களுக்கிடையேயும் எல்லை இருந்தது. அவ்வெல்லை அரசெல்லையைவிடக் கொடியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி நாட்டில் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள் பொது வழியில் நடப்பதற்கும், ஓரிடத்தில் கூடுவதற்கும் தடைகள் பல இருந்தன. நிலத்தில் கூட இடமின்மையால், 1913-ஆம் ஆண்டில் அவர்கள் கொச்சிக் காயலில் படகுகளையும் தோணிகளையும் ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின்மீது அமர்ந்து மாநாடு நடத்தினர். ‘காயல் சம்மேளனம்’ என்று கேரள வரலாற்றில் அது பெயர் பெற்றுள்ளது. அதற்குத் துணைநின்றவர் பண்டிதர் கருப்பன். அவர் மீன்பிடிக்கும் குடியிற் பிறந்து, வடமொழி கற்றுக் கவிஞராக விளங்கியவர். நிலம் மன்னருடையதாகவும் உடைமையாளருடையதாகவும் இருந்தது. நீர்மீது எவரும் வேலி இடவில்லை. உல்லாசப் படகுகள் இன்று சுற்றிவரும் அக்காயலில்தான் ஒரு மக்கட் கூட்டம் முதன்முதல் சேர்ந்தமர்ந்து தன் குறையை எடுத்துரைத்தது. படகில் ஒருவன் காற்று வாங்கியபடி அமர்ந்திருத்தல் இன்று மிக எளிய செயல். அன்றோ, சேர்ந்து அமர்வதே ஒரு போராட்டமாக இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் வைப்பின் தீவின் செராயில் மற்றொரு நிகழ்ச்சி நடைபெற்றது. அவ்வூரில் 1889-இல் பிறந்த ஐயப்பன் என்னும் பட்டதாரி இளைஞர், 1917 மே 29-ஆம் நாள் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவுண்ணச் செய்தார். இதனை ‘மிசிரபோசனம்’ என்பர். ஊரார் சினங்கொண்டனர். அவரைப் ‘புலையன் ஐயப்பன்’ என்று இகழ்ந்தனர். அவரோ அப்பெயரை இழிவாகக் கருதாது ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டில் ‘சகோதரன்’ என்னும் இதழைத் தொடங்கி நடத்தினார். அதனால் ‘சகோதரன் ஐயப்பன்’ என்றே நிலைபெற்றார். பிற்காலத்தில் அமைச்சராகவும் இருந்து 1968-இல் மறைந்தார். இன்று செராய்க் கடற்கரையின் உணவு விடுதிகளில் அடுத்த மேசையில் இருப்பவர் யாரென்று எவரும் வினவுவதில்லை. அவ்வாறு வினவாதிருத்தல் தானாக வந்துவிடவில்லை. அவ்வூரிலேயே ஒருவர் வசவுகளைத் தாங்கி அதற்கு வித்திட்டார்.

வெள்ளம் படைத்த தீவு வைப்பின் எனின், மனிதர் படைத்த தீவு வில்லிங்டன். கொச்சித் துறையின் வாயிலில் கடலடியில் மணல்மேடொன்று குறுக்கே கிடந்தது. அதனால் பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலாது வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டுப் படகுகளின் வழியே சரக்கிறக்கின. 1920-இல், சென்னை ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். மணல்மேட்டை அகழ்ந்து ஆழ்கால் வெட்டுவதும், அகழ்ந்தெடுத்த மண்ணைக் கொண்டே காயலில் நிலம் உண்டாக்குவதும் அவர் வகுத்த திட்டம். அகழ்ந்தால் கரைகள் அரிக்கப்படும் என்று அஞ்சியவர் பலர். அவர் பல ஆண்டுகள் ஆய்ந்து, கரைகளுக்குக் காப்பமைத்த பின்னரே பணியை மேற்கொண்டார். 1928 மே 26-ஆம் நாள் பம்பாயிலிருந்து வந்த ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் புதிய கால்வாய் வழியே உட்துறையை அடைந்தது. பல நூறு ஏக்கர் நிலம் நீரிலிருந்து எழுந்து, அப்போது இந்தியாவின் அரசப் பிரதிநிதியாகிவிட்ட வில்லிங்டனின் பெயரைப் பெற்றது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

அப்புதிய தீவின் முனையில் மலபார் ஹோட்டல் எழுந்தது. கப்பலில் வந்திறங்கியோர் அங்குத் தங்கினர். ஆனால் கொச்சியில் வாழ்ந்த ஐரோப்பியரின் கழகத்தில் இந்தியர்க்கு இடமில்லை. இதனைப் பொறாத பிரிஸ்டோவும் அவர் மனைவியாரும், இந்தியரும் ஐரோப்பியரும், ஆடவரும் மகளிரும் ஒருங்கே கூடி விளையாடவும் உரையாடவும், 1930-களின் தொடக்கத்தில் எர்ணாகுளத்தில் லோட்டஸ் கிளப்பை நிறுவினர். பணியில் இருவரும் சேர்ந்து நிற்கலாம், பொழுதுபோக்கில் சேர்ந்திருத்தல் ஆகாது என்னும் வழக்கத்தைத் துறைமுகம் கட்டிய பொறியாளரே மாற்ற முனைந்தார் என்பது நினைக்கத்தக்கது. மணல்மேட்டை அகழ்வதற்கு இயந்திரம் உண்டு. மனத்திலுள்ள மேட்டை அகழ்வதற்கு மனிதரே வேண்டும்.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறியது. போல்காட்டி மாளிகை அரசின் உடைமையாகி, மாநிலச் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதியாயிற்று. டச்சுத் துரைமார் உலாவிய தாழ்வாரத்தில் இன்று கட்டணம் செலுத்தும் எவரும் அமரலாம். வண்ணார்க்கு 1976-இல் கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் ‘தோபிக் கானா’ எனப்படும் சலவைக் கூடம் கட்டித் தரப்பட்டது. தனித்தனித் தடுப்பும், தொட்டியும், துவைகல்லும் அமைந்த அக்கூடத்தில் தமிழ்க் குடும்பத்தார் தொழில் நடத்திவருகின்றனர். துவைத்த துணியைக் கஞ்சியில் தோய்த்து, திறந்தவெளியில் கட்டிய கயிறுகளில் உலர்த்துவர். இரட்டை முறுக்குக் கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுவதால் எத்துணைக் காற்றடித்தாலும் அது விழாது. கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டிகளும் அங்கே வழக்கொழியவில்லை. நாம் விடுதியில் தலைவைத்துறங்கும் உறையும், மேல்விரித்த வெள்ளை விரிப்பும் அவர்தம் கைபட்டு வந்தவையாக இருத்தல் கூடும். அவர்கள் பல தலைமுறையாக மலையாளத்தோடு தமிழையும் பேணி வருவது நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

ஆனால், தீவிலே வாழ்வோர்க்கு ஓய்வும் வசதியும் எளிதில் வாய்த்துவிடவில்லை. எர்ணாகுளம் கண்ணெதிரே தோன்றினும், வைப்பின் மக்கள் நேராக அங்குச் செல்வதற்கு நெடுங்காலம் படகே வழியாக இருந்தது. நோயாளியையும் கர்ப்பிணியையும் படகிலேற்றிக் காயலைக் கடக்கவேண்டியிருந்தது. 1982-ஆம் ஆண்டு ஓணத் திருநாளின்போது நஞ்சு கலந்த சாராயத்தால் அத்தீவில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் கண்ணொளி இழந்தனர். நாடே மகிழ்ந்திருந்த விடுமுறை நாளில் அத்தீவு அழுதது. கோஸ்ரீ பாலங்கள் 2004-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டன. போல்காட்டி, வல்லார்பாடம் ஆகிய தீவுகளை ஊன்றிச் செல்லும் அம்மூன்று பாலங்களும் வைப்பினை எர்ணாகுளத்தோடு இணைத்தன. 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்மெட்ரோப் படகுகள் வைப்பினுக்கும் செல்கின்றன. பயணிக்குச் செராயின் வழி எளிதாயிற்று. தீவினர்க்கோ மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வழி எளிதாயிற்று.

நீர் சூழ்ந்த அத்தீவில் குடிநீர்க்கு முட்டுப்பாடு என்பது கேட்போர்க்கு வியப்பாக இருக்கும். சுற்றிலும் உப்புநீர், கிணற்றிலும் உவர். குடிநீர்க் குழாய் வேண்டித் தீவு மக்கள், சிறப்பாகப் பெண்கள், பலமுறை போராடியுள்ளனர். அவ்வுவர்நிலத்தையும் பயன்கொண்ட அறிவு அவர்களுடையது. மழைக்காலத்தில் உப்பின் வேகம் தணிந்தபோது உவரைத் தாங்கி உயர்ந்து வளரும் பொக்காளி நெல்லை விளைவிப்பர். அறுவடைக்குப் பின் அதே வயலில் உவர்நீரைப் பாய்ச்சி இறால் வளர்ப்பர். நெல்லின் தாள் இறாலுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. அயலூரிலிருந்து வருவோர் விரும்பியுண்ணும் இறால் இவ்வாறு வயலிலிருந்தே வருகின்றது.

வெள்ளமும் கடலும் கொடுத்த நிலத்தைக் கடல் திரும்பக் கேட்பதும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வைப்பினின் எடவனக்காட்டில் உயிர்களைக் கொண்டது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அக்கரையின் வீடுகளுக்குள் கடல்நீர் புகுகின்றது. கோட்டைக் கொச்சிக் கடற்கரையின் மணற்பரப்பும் அரிப்பினால் சுருங்கியுள்ளது. தெற்கே செல்லானத்தில், அலையைத் தடுக்க நான்கு கால் கொண்ட காங்கிரீட் கட்டைகளை அடுக்கி அண்மை ஆண்டுகளில் சுவர் எழுப்பியுள்ளனர். அலையோசை நமக்குத் தாலாட்டு. கரையில் குடியிருப்போர்க்கு ஆனி, ஆடியில் அதுவே துயில் நீக்கும் ஓசை. நெய்தல் நிலத்திற்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர் கரைவாழ்வை நன்கறிந்தவர்கள் அன்றோ?

இவற்றையெல்லாம் கூறியது, விடுமுறைக்குச் செல்வோர் மகிழ்ச்சியைக் குறைப்பதற்காக அன்று. ஆண்டு முழுவதும் உழைத்தவர் சில நாள் ஓய்ந்திருத்தல் குற்றமாகாது. அது அவர் உரிமை. கொச்சித் தீவுகளின் வரலாறு காட்டுவதும் அவ்வுரிமை விரிந்து வந்த கதையையே. ஒரு காலத்தில் துரைமக்கள் சிலர்க்கே அங்கு நிழல் கிடைத்தது. கூடியமர நிலமின்றி ஒரு கூட்டத்தார் படகில் அமர்ந்தனர். பந்தியில் இடம் பெறுதற்கு மற்றொருவர் வசவேற்றார். அவர்களால்தான் இன்று எக்குலத்தார்க்கும் எம்மொழியினர்க்கும் அக்கரையில் இடமுண்டு. அவ்வுரிமை இன்னும் முழுமை பெறவில்லை. வலையிழுப்போர்க்கும் துணி வெளுப்போர்க்கும் அலைக்கு அஞ்சாது உறங்கும் ஓரிரவு கிடைக்கும்போதே அது முழுமை பெறும்.

ஆகவே கொச்சிக்குச் செல்லும் தமிழன்பர்கள், அரண்மனையைக் கண்ட பின்னர் சற்று நேரம் ஒதுக்கித் தோபிக் கானாவிற்கும் சென்று வரலாம். அங்கே உலரும் வெண்துணிகளுக்கு இடையே தமிழில் ஒரு நலம் விசாரித்தால், தமிழிலேயே மறுமொழி கிடைக்கும். வந்த ஊரில் உழைத்து, அவ்வூர் மொழியைக் கற்று, தம் மொழியையும் கைவிடாது வாழ்ந்தவர்கள் அவர்கள். பிற மாநிலங்களில் அவ்வாறே வாழ முயலும் நமக்கு அவர்கள் முன்சென்ற உறவினர் ஆவர்.